அமாவாசைத் தண்ணீர்

பிரிக்பீல்ட்ஸ் பிறந்ததற்கு ஒரு தீயும் ஒரு வெள்ளமும் காரணம். 1881 ஜனவரியில், அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த கோலாலம்பூர் எரிந்து சாம்பலானது. அதன்மேல் மறுபடி எழுப்பிய வீடுகளை அதே ஆண்டு டிசம்பரில் ஆறு அடித்துக்கொண்டு போனது. மறு ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பதவிக்கு வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹம், இனிமேல் செங்கல்லும் ஓடும்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் அறுக்க நிலம் வாங்கினார். களிமண் தோண்டிய அந்த நிலத்தில் பின்னாளில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வந்தது, யாழ்ப்பாணத்துக் கிராணிமார் வந்தார்கள், கோயில்களும் சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. இப்போது கேஎல் சென்ட்ரல் நிற்கிறது.

தீக்கு உடனே மருந்து கிடைத்தது. வெள்ளத்துக்குக் கிடைக்கவில்லை. 1926-ல் ஒரு பெருவெள்ளம், 1971-ல் இன்னொன்று. மழைநீரை நகரத்துக்கு அடியில் திருப்பிவிடும் 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் திறந்தது 2007-ல்தான். தலைநகரத்துக்கே அவ்வளவு காலம் பிடித்தது என்றால், ஆற்றின் கடைக்கோடியில் இருக்கிற ஊர்கள் எத்தனை காலம் காத்திருக்க வேண்டுமோ என்ற யோசனையோடுதான் கிள்ளானுக்குப் போகும் கொமுட்டரில் ஏறினேன்.

போகவேண்டிய இடம் கோல லங்காட் மாவட்டத்துத் தெலுக் பங்லிமா காராங். அங்கே ஒரு வீடமைப்புத் தாமானில் குடியிருப்போர் சங்கம் வைத்திருக்கிறார்கள். "எங்கள் இடத்துக்கு என்னென்ன ஆபத்து வரும், எதற்கு முதலில் தயாராக வேண்டும்? எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு பொறியாளரைக் கூப்பிட்டிருந்தார்கள். சேற்று நிலத்தில் நெடுஞ்சாலை போட்டே வேலைக்காலம் முழுவதையும் கழித்துவிட்டு ஓய்வுபெற்றவர். எனக்குப் பழக்கமான அண்ணன். "சும்மா வா, மண்ணு காட்டுறேன்" என்றார். மண் பார்க்கக் கூப்பிடும் மனிதர்கள் குறைவு. கிளம்பிவிட்டேன்.

கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கினால் தெங்கு கிளானா சாலை பக்கத்தில்தான். பூக்கடைகள் வாசனையை வாசலுக்கு அனுப்பியிருந்தன. பசியாறிவிட்டு அண்ணனின் காரில் பந்திங் சாலையில் தெற்கே திரும்பினோம்.

இந்தச் சாலையில் ஒவ்வொரு பாலத்தின் முனையிலும் கார் ஒரு குதி குதிக்கும். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. ஒப்பந்தக்காரரைத் திட்டுவதுதான் இவ்வளவு நாளாக என் வழக்கம். "திட்டாதே. அதுதான் இந்த ஊரோட எக்ஸ்ரே" என்றார் அண்ணன். பாலத்துக்கு அடியில் தூண்களை முப்பது மீட்டருக்கும் ஆழமாக இறக்கி, கெட்டி மண்ணில் நிறுத்தியிருக்கிறார்கள். அது அசையாது. சாலையோ கடல் விட்டுப்போன மென்களிமண் மேல் கிடக்கிறது. தன் எடையாலேயே ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. நிற்பதும் இறங்குவதும் சந்திக்கிற இடத்தில் குதி. தார் ஊற்றிச் சமப்படுத்துவார்கள், சில மாதத்தில் மறுபடி குதி. கிள்ளானிலிருந்து கடற்கரை வரை இதே கதைதான்.

வழியில் ஜோஹான் செத்தியா. எல்ஆர்டி மூன்றாம் பாதையின் கடைசி நிலையத்துக்கு இந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். காற்றின் தரத்தை அளக்கும் நிலையம் ஒன்றும் இங்கே இருக்கிறது. புகைமூட்டக் காலத்தில் நாட்டிலேயே மோசமான எண் எங்கே என்று செய்தியில் சொன்னால், பல நேரம் இந்த இடம்தான். காரணம் காலுக்குக் கீழே. செடிகொடிகள் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டு குவிந்த கரிச்சதுப்பு நிலம் இது. ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. விவசாயத்துக்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் காய்கிறது, காய்ந்தால் சுருங்கித் தாழ்கிறது, ஒரு குப்பைத் தீ போதும், பற்றிக்கொள்கிறது. மேலே தண்ணீர் அடித்தால் அணைந்த மாதிரி இருக்கும். அடியில் புகைந்துகொண்டே நகர்ந்து சற்றுத் தள்ளிக் கிளம்பும். தீயணைப்புப் படையினர் கால்வாய்களை அடைத்து நிலத்தையே மூழ்கடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது.

2005 ஆகஸ்ட் 11-ம் தேதி, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை பிரகடனம் செய்தார்கள். சுமத்ராப் புகைதான் பெரும் பங்கு. ஆனால் புகை என்றாலே இந்தோனேசியாவைக் கை காட்டிவிடுகிற நம் வழக்கத்துக்கு ஜோஹான் செத்தியா சரியான பதில். சாலையோரம் அன்னாசியும் கீரையும் செழிப்பாக நின்றன. வாங்கினோம், நல்ல விலை.

2021-ல் கோல லங்காட் வடக்குக் காட்டு ஒதுக்கீட்டில் பாதிக்குமேல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி ஆகஸ்ட் கடைசியில் வெளியே வந்தது. அதுவும் கரிச்சதுப்புக் காடுதான். தெமுவான் பூர்வகுடிகளின் கிராமங்கள் அதை ஒட்டியுள்ளன. எதிர்ப்பு கிளம்பி, செப்டம்பர் 8-ம் தேதி மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. அதை மரங்களுக்கான சண்டையாகவே பத்திரிகைகள் எழுதின. அண்ணன் அதைத் தண்ணீர்க் கணக்காகப் பார்க்கிறார். ஈரச் சதுப்பு மழையை வாங்கி வைத்துக்கொள்ளும். அதை வடித்துக் கட்டடம் கட்டினால், தங்கிக் கிடந்த தண்ணீர் வேறு எங்காவது போகத்தானே வேண்டும்?

தெலுக் பங்லிமா காராங் முதல் பார்வையில் எதையும் சொல்லாது. ஒரு நீளமான சாலை, இருபுறமும் கடைவரிசை, கொள்கலன் லாரிகள், வரியில்லாத் தொழிற்பேட்டையின் வேலிகள், உள்ளே தள்ளித் தாமான்கள், அதற்கும் உள்ளே ஜாவானிய வம்சாவளி மலாய்க்காரர்களின் கம்பங்கள். ரப்பரும் பிறகு செம்பனையுமாக இருந்த தோட்டங்கள் தொழிற்சாலைக்கு வழிவிட்டபோது, லயத்து மக்கள் மலிவு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். சிலாங்கூர் முழுக்க நடந்த கதை. அந்த வீடுகளுக்கு ஒதுக்கிய நிலம் பெரும்பாலும் தோட்டத்தின் தாழ்வான மூலையாக இருப்பதும் சிலாங்கூர் முழுக்க நடந்ததுதான். உயரமான இடத்தில் மானேஜர் பங்களா இருந்தது, அது விலைபோகும்.

சங்கத்தின் செயலாளர் அம்மா எங்களுக்காக வாசலில் நின்றிருந்தார். கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தாமானைச் சுற்றிக் காட்டினார். அண்ணன் வீடுகளைப் பார்க்கவில்லை, வாசற்படிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வீட்டின் முன்னால் நின்று, "இந்தப் படி எப்போ கட்டினது?" என்று கேட்டார். வீடு வாங்கியபோது ஒரு படிதான் இருந்ததாம். பிறகு ஒன்று சேர்த்தார்கள். அதற்குப் பிறகு இன்னொன்று. மூன்றுக்கும் மூன்று நிற ஓடுகள். தூண்மேல் நிற்கும் வீடு அப்படியே இருக்க, கார் நிறுத்தும் இடமும் வாசலும் தெருவும் கீழே போய்க்கொண்டிருக்கின்றன. சுவரின் அடியில் கைவிரல்கள் நுழைகிற இடைவெளி. உள்ளே இருட்டு, எலி போன தடம்.

படியாவது பரவாயில்லை. அல்லூரைப் பாருங்கள் என்றார் அண்ணன். தெருவோடு சேர்ந்து சாக்கடையும் தாழ்ந்திருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தாழவில்லை. கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் பெரிய கால்வாய்ப் பக்கம் போகவேண்டும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனது. செயலாளர் அம்மா சிரித்தார். "இதுக்குத்தான் சார் நாங்க மனு போட்டோம். அல்லூர் சுத்தமா இல்லேன்னு நெனச்சு ஆள் அனுப்பிக் குப்பைய அள்ளிட்டுப் போயிட்டாங்க."

2021 டிசம்பரைப் பற்றிக் கேட்டோம். அந்த மாதம் 18-ம் தேதி கோலாலம்பூரில் ஓரிடத்தில் 24 மணி நேரத்தில் 363 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த ஊருக்கு ஒரு மாதத்துக்கான மழையைவிடக் கூடுதல். ஷா ஆலாம் ஸ்ரீ மூடா தாமானில் மக்கள் கூரையில் ஏறி நின்ற படங்களை நாடே பார்த்தது. அந்தப் பருவ வெள்ளங்களின் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்கிட்டது, பாதி சிலாங்கூரில். மேலே உலு லங்காட்டை நாசம் செய்த லங்காட் ஆறு கீழே டெங்கில், பந்திங் பக்கமும் வந்தது. லாபோஹான் டாகாங், புக்கிட் சங்காங் கம்பங்கள் மூழ்கின.

"நீங்க ஆத்துத் தண்ணியில மாட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆறு எந்தப் பக்கம்னே எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்கு அல்லூர்ல ஏறிச்சு. அப்புறம் கக்கூஸ்ல. வாசல்ல மணல் மூட்ட அடுக்கி வெச்சிட்டு உள்ள திரும்பிப் பாத்தா, பின்னாடி குளியலறைலேருந்து வருது."

அந்தத் தெருவில் அன்று தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. ஆனால் குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயின. அக்கம்பக்கத்தார் சிலர் காப்பீட்டுக்காரரிடம் போனபோதுதான், சாதாரணத் தீக்காப்பீட்டில் வெள்ளம் சேராது, தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்க்கவேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். கார் காப்பீட்டிலும் அப்படியே.

அதிகாரிகள் அந்த மழையை நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்றார்கள். கேட்டவர்கள் பலரும், சரி, நமக்கான பங்கு முடிந்தது, இனி பேரன் காலத்தில்தான் என்று ஆறுதலடைந்தார்கள். நூறாண்டு மழை என்பது எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ள மழை. போன ஆண்டு வந்ததால் இந்த ஆண்டு வராது என்று அதற்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் வாங்கியவர் அந்தக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அதைச் சந்திக்க வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. நான்கில் ஒரு வாய்ப்பு என்று சொல்லி வீடு விற்றால் எத்தனை பேர் வாங்குவார்கள்? அதுவும் பருவநிலை மாறாமல் இருந்தால் வரும் கணக்கு.

பிற்பகலில் பண்டுக்குப் போனோம். ஆற்றையும் கடலையும் வெளியே நிறுத்திவைக்கும் மண்கரையைத் தோட்டத்து மக்கள் பண்டு என்றுதான் சொல்வார்கள். லங்காட் ஆறு இங்கே இரண்டாகப் பிரிந்து கேரித் தீவை வளைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. தீவே ஒரு காலத்தில் சதுப்பு. பிரிட்டிஷ் தோட்டக்காரர் வாலண்டைன் கேரி பெயரில் விளங்கும் அந்தத் தீவைச் சுற்றிக் கரை போட்டு, உள்ளே வடித்து, ரப்பர் நட்டு, பிறகு செம்பனை நட்டார்கள். பெரிய அலை நேரத்தில் கரைக்கு வெளியே தண்ணீர் மேலே, உள்ளே மரத்தின் வேர் கீழே. தாமான் இருக்கிற பெருநிலப் பக்கமும் பல இடங்களில் அதே நிலைதான். விளிம்பு உயர்ந்த தாம்பாளத்துக்குள் வாழ்க்கை. விளிம்பு உடைந்தால் வெளித்தண்ணீர் உள்ளே வரும். விளிம்பு நன்றாக இருந்தாலும் உள்ளே பெய்தது வெளியே போக முடியாது.

போவதற்கு இருக்கும் ஒரே வழி மதகு. கனமான இரும்புக் கதவு ஒன்று ஆற்றுப் பக்கம் பார்த்தபடி மேலே கீலில் தொங்குகிறது. ஆறு இறங்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது ஆறு பின்வாங்கி உயர்ந்து, கதவை அழுத்தித் தானாகவே மூடிவிடும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். நல்ல யோசனைதான், கதவு முழுசாக மூடினால். நாங்கள் பார்த்தபோது அலை ஏறத் தொடங்கியிருந்தது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே செம்பனை மட்டை ஒன்றும், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியின் காலும் சிக்கியிருந்தன. பழுப்புத் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக உள்ளே ஓடி வந்துகொண்டிருந்தது. அண்ணன் ஒரு கம்பால் நெம்பிப் பார்த்தார். மட்டை வந்தது, நாற்காலி வரவில்லை.

கரையின் உட்பக்கச் சரிவில் முழங்கால் உயர மண்குவியல்கள். கறையான் புற்று என்று நினைப்போம். சேற்று இறால் கட்டியது. கரைக்குள் வளை தோண்டி, தோண்டிய சேற்றை மேலே தள்ளும். ஒரு குவியலின் உச்சி ஈரமாக இருந்தது. வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு வளையால் ஒன்றும் ஆகாது. நூறு வளை ஒரே இடத்தில் இருந்தால் பெரிய அலை நாளில் கரைக்குள் தண்ணீர் கசிய வழி கிடைக்கும், கசிவு மண்ணை அரித்துக்கொண்டு வரும், பிறகு ஓரிடம் உட்காரும். கரை உடைந்தது என்று மறுநாள் செய்தியில் வருவதற்குப் பின்னால் இப்படியொரு நீண்ட வேலைப்பாடு இருக்கிறது. கரையை மழைக்காலத்துக்கு முன்னால் நடந்து பார்ப்பதைவிட மலிவான வெள்ளத் தடுப்பு உலகத்தில் இல்லை என்பது அண்ணனின் கட்சி. யார் நடப்பது? ஒரு பகுதி வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு, ஒரு பகுதி தோட்டத்துக்கு, தாமானுக்குள் ஓடும் அல்லூர் நகராண்மைக் கழகத்துக்கு. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது என்று எழுதுவது வழக்கம். எனக்கென்னவோ, நன்றாகத் தெரியும் என்றே தோன்றுகிறது. சரியாக எல்லை சேரும் இடத்தில்தான் அது நுழைகிறது.

கரைமேல் நின்றபடி செயலாளர் அம்மா கைப்பேசியில் அலை அட்டவணையைத் திறந்தார். பூலாவ் இண்டாவில் உள்ள தேசிய நீர்வரைவியல் மையம் ஆண்டு முழுமைக்கும் போடுகிற கணிப்பு. போர்ட் கிள்ளானில் 5.5 மீட்டரைத் தாண்டும் நாட்களில் கடற்கரை மாவட்டங்கள் விழிப்பாகிவிடும். அந்த நாட்களை அவர் தனியாக எழுதி வைத்திருந்தார். எதில் என்று பார்த்தால், பஞ்சாங்க நாட்காட்டியில். அமாவாசைக்கு அடுத்த இரண்டு நாள், பௌர்ணமிக்கு அடுத்த இரண்டு நாள் என்று சிவப்புக் கோடு.

அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு வேறு பேச்சே மறந்துபோனது.

சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் வரும் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அலை உயரும் என்பது பள்ளிப் பாடம். ஆண்டில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும், மறுபடி மார்ச் வாக்கிலும் அது இன்னும் உயரும்; சூரியன் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் நிற்கிற காலமும் அதை ஒட்டிய வாரங்களும். மேற்குக் கரையில் மாலை மழை வலுக்கிற காலம் எது? அக்டோபரும் நவம்பரும். ஆக, பெரிய அலையும் பெரிய மழையும் தனித்தனியே சீட்டுக் குலுக்கி வருவதில்லை; ஒரே பருவத்தில் வரிசையில் நிற்கின்றன. அந்தப் பருவத்தின் நடுவில் ஓர் அமாவாசை இருக்கிறது. ஐப்பசி அமாவாசை. அதை ஒட்டித் தீபாவளி.

தீபாவளிக்கு அடுத்த இரண்டு மூன்று நாளில் அலை உச்சத்துக்குப் போகும். அந்த நாட்களில்தான் தாமானில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், அம்மா வீட்டுக்கோ மாமியார் வீட்டுக்கோ போயிருப்பார்கள். அலை மேலே நிற்கும் மூன்று நான்கு மணி நேரம் மதகு மூடியிருக்கும்போது, மாலையில் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும். ஆறு கரைபுரள வேண்டியதில்லை. கரை உடைய வேண்டியதில்லை. 2021 மாதிரி நூறாண்டு மழையும் தேவையில்லை. சாதாரண மழை, சாதாரண அமாவாசை, இரண்டும் ஒரே மாலையில். நகராண்மைக் கழகம் மழையைப் பார்க்கிறது, துறைமுகம் அலையைப் பார்க்கிறது, வடிகால் துறை ஆற்றின் மட்டத்தைப் பார்த்து விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நிறம் மாற்றுகிறது. மூன்றையும் ஒரே தாளில் போட்டவர் தோட்டத்துப் பள்ளியில் படித்த இந்த அம்மா.

இது நமக்கு மட்டும் வந்த சங்கதி அல்ல. 1953 ஜனவரி 31-ம் தேதி இரவு நெதர்லாந்தில் நடந்ததும் இதுவே. வடகடலில் ஒரு புயல். அன்றைக்கென்று பௌர்ணமி அலை. கரைகள் பல இடங்களில் உடைந்து 1,836 பேர் இறந்தார்கள். புயலும் அலையும் ஒரே இரவில் சேர்ந்துகொண்டன. அதற்குப் பிறகு அவர்கள் செய்ததில் பெரிய அணைகளைவிட எனக்குப் பிடித்தது ஒரு கேள்வி: எவ்வளவு அரிதான கெட்ட நாளுக்கு நாம் தயாராக இருக்க வேண்டும்? முக்கியமான கடற்கரைக்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்று எண் வைத்துக் கரையின் உயரத்தைத் தீர்மானித்தார்கள். நம் பக்கம் கரையின் உயரத்தைப் பட்ஜெட் தீர்மானிக்கிறது. இதற்கிடையில் தீபகற்பத்துக் கரையோரம் இந்த நூற்றாண்டுக் கடைசிக்குள் கடல் அரை மீட்டர் வரை உயரலாம் என்று நம் தேசிய நீரியல் ஆய்வுக் கழகமே 2010-ல் கணித்திருக்கிறது. நிலம் இறங்குவது அந்தக் கணக்கில் இல்லை, தனி.

மாலை சங்கக் கூட்டத்தில் பத்திருபது பேர் வந்திருந்தார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர்கள். "எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்று அண்ணன் கேட்டதும் முதல் கை, "சுனாமி." எல்லோரும் தலையாட்டினார்கள். 2004-ல் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பினாங்கிலும் கெடாவிலும். சிலாங்கூருக்கு முன்னால் சுமத்ரா படுத்துக் கிடக்கிறது; நீரிணை குறுகலானது, ஆழமில்லாதது. அபாயம் இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் பட்டியலில் மேலே வைக்க வேண்டியதில்லை என்றார். அடுத்து நிலநடுக்கம். சுமத்ரா குலுங்கினால் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகள் ஆடுவது உண்மை. மென்களிமண் அதிர்வைப் பெருக்கிக் காட்டும். இரண்டு மாடி வீட்டுக்காரருக்கு அது பெரும்பாலும் விளக்கு ஆடுவதோடு முடியும்.

ஒரு மலாய்ப் பெரியவர் மோரிப் கடற்கரைக் கதையை எடுத்தார். 1945 செப்டம்பர் 9-ம் தேதி, ஜப்பானியர் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படை அங்கே தரையிறங்கியது. மேலே மணல், அடியில் சேறு. கடற்கரை வண்டி தாங்கும் என்று வரைபடத்தை நம்பி இறக்கிய வாகனங்கள் வரிசையாகச் சேற்றில் புதைந்து நின்றன. எதிரி சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராணுவ வரலாற்றாசிரியர்கள் இன்றும் எழுதுகிறார்கள். "தரை எப்படின்னு அங்கேயே இருக்கிற கம்பத்துக்காரனைக் கேட்டிருந்தா போதும்" என்று மலாயில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டத்தின் நல்ல பேச்சு அதுதான்.

புயல் பற்றி ஓர் இளைஞர் கேட்டார். சில ஆண்டுக்கு முன்னால் கேட்டிருந்தால் பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் சுழலாது என்று சொல்லி உட்கார வைத்திருப்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் என்ற புயல் உருவானது. சுமத்ராவில் வெள்ளமும் நிலச்சரிவுமாகப் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு நீரிணையைக் கடந்து தீபகற்பத்தின் பக்கம் திரும்பியது. பட்டியலில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கினார் அண்ணன். புகைக்கு ஒரு வரி. இடிமின்னலுக்கும் ஒன்று, இந்தப் பள்ளத்தாக்கில் அதற்குக் குறைச்சலே கிடையாது, திறந்த திடலில் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு அதுதான் நிஜமான ஆபத்து.

எனக்கு உறுத்தியது வேறொன்று. கூட்டத்துக்கு வராதவர்கள். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நேப்பாளி, வங்காளதேசி, மியன்மார்க்காரர்கள் தாமானின் கடைசி வரிசையில் தரைத்தள வீடுகளில் நெருக்கமாகத் தங்கியிருக்கிறார்கள். இரவு வேலை முடிந்து பகலில் தூங்குகிறவர்கள். எச்சரிக்கை வருவது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், மலாயிலும் தமிழிலும் சீனத்திலும். அவர்கள் யாரும் அந்தக் குழுவில் இல்லை. தோட்டத்துக் காலத்தில் நம் ஆட்கள் இருந்த இடத்தில் இப்போது இவர்கள்: தாழ்வான மூலை, பிறர் மொழியில் அறிவிப்பு, கணக்கெடுப்பில் வெறும் எண்ணிக்கை. இதைச் சொன்னபோது ஒருவர், "அது முதலாளியோட பொறுப்பு" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். 446-ம் சட்டம் தொழிலாளர் குடியிருப்பை முதலாளி தலையில்தான் வைக்கிறது. ஆனால் மாலை ஆறரை மணிக்கு அல்லூரில் தண்ணீர் ஏறும்போது முதலாளி எங்கே இருப்பார்? செயலாளர் அம்மா குறிப்பேட்டில் எழுதினார்: கடைசி வரிசை, நேப்பாளிப் பையன் ஒருவன் நம்பர் வாங்க வேண்டும்.

அண்ணன் எழுதிய பட்டியலில் முதல் இடம் அலையும் மழையும் சேர்ந்து வரும் மாலைக்கு. இரண்டாவது கரை உடைப்பு. மூன்றாவது லங்காட் வெள்ளம். மேலே உலு லங்காட்டில் கொட்டுவது கீழே வந்து சேர நேரம் பிடிக்கும் என்பதால் அதற்கு முன்னறிவிப்பாவது கிடைக்கும். நான்காவது புகை. சுனாமி கடைசிக்குப் பக்கத்தில். கை தூக்கியவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இடம்பெயர்வோர் தங்குவதற்குச் சொல்லியிருந்த மண்டபத்தின் தரை, தெருவைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து பார்க்கவும் ஒரு வரி இருந்தது. யாரும் அதுவரை அளந்ததில்லை.

சங்கத்திடம் பெட்ரோலில் ஓடும் ஒரு பம்பு இருக்கிறது. அந்த மாலைகளில் மதகுப் பக்கம் போய்ப் பார்க்கவும், பம்பை ஓட்டவும் யாராவது ஊரில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் யார் இருப்பது? தமிழர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு மலாய்க்காரர், "நாங்க பாத்துக்கிறோம்" என்றார். உடனே ஒரு சீனப் பெண், அப்படியானால் சீனப் புத்தாண்டுக்கு என்று கேட்க, அண்ணன் நாட்காட்டியைப் புரட்டினார். அதுவும் அமாவாசை. நோன்புப் பெருநாளும் பிறை கண்டு வருவது, அதுவும் அமாவாசையை ஒட்டியதே. போதாக்குறைக்கு 2026-ல் அதன் தேதி மார்ச் மூன்றாம் வாரத்தில். பெரிய அலைக்கு அதைவிடப் பொருத்தமான தேதி கிடைக்காது. இந்நாட்டில் மூன்று இனமும் ஊருக்குப் போக வீட்டைப் பூட்டுகிற நாள் மூன்றும் பேரலை நாள்.

அப்புறம் வேலை எளிதாக முடிந்தது. தீபாவளிக்கு மலாய்க்காரரும் சீனரும், பெருநாளுக்குத் தமிழரும் சீனரும், புத்தாண்டுக்கு மற்ற இருவரும். பெயர்களைச் செயலாளர் அம்மா எழுதிக்கொண்டார். மதகில் சிக்கிய நாற்காலிக் காலை எடுக்க யார் வருவார்கள் என்று துறை அலுவலகத்துக்குக் காலையில் போன் போடுவதாக ஒருவர் ஏற்றுக்கொண்டார். பம்புக்குப் பெட்ரோல் காசை யார் கொடுப்பது என்பதில் மட்டும் அரைமணி நேரம் சத்தம். கடைசியில் அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம்.